இலை உதிர்ந்ததைச் செத்தது என்று நினைத்துப் பிடுங்கினேன்: கொள்ளிடப் படுகையில் மூன்று வருட நடவு

கொள்ளிடத்தில் 2024 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்து மூன்று மாதம் ஆகிறது. நேற்று காலை நோட்டும் பேனாவுமாகப் போய், ஆற்றோர வரிசைகளில் ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பார்த்து எண்ணி முடித்தேன். நட்டது 180, உயிரோடு இருப்பது 132. இதே இடத்தில் 2022இல் நட்டது 210, மிஞ்சியது 44. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது, எதை மாற்றினேன், எங்கே தப்பாகப் போனேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். ஆற்றோரமோ ஏரிக்கரையோ பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் பணமும் நிறைய நாற்றும் மிச்சமாகும்.

இடம் கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரை. அரசாங்கக் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் படுகையில் எங்களுக்கு 2 மா பட்டா நிலம், அதாவது 66 சென்ட். அதில் ஆற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓரம் 90 மீட்டர். மேட்டூர் நிரம்பிவிட்டால் திருச்சிப் பக்கம் முக்கொம்பு அணையில் உபரியைக் கொள்ளிடத்தில்தான் திருப்புவார்கள். அப்படி ஒவ்வொரு தடவை பெரிய தண்ணீர் வரும்போதும் எங்கள் ஓரத்தில் இரண்டு அடி, மூன்று அடி என்று மண் சரிந்து போகும். அப்பா காலத்தில் வாழை நின்ற இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது. மரம் நட்டு வேரால் கரையைப் பிடிக்கலாம் என்று ஆரம்பித்தது இப்படித்தான்.

முதல் தப்பு நடுவதற்கு முன்பே நடந்தது. ஓரம் முழுக்க நாணலும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தன. "சுத்தம் செய்துவிட்டு நடலாம்" என்று 2022 ஜனவரியில் ஜேசிபி கொண்டுவந்து மூன்று மணி நேரம் ஓட்டினேன், மணிக்கு 1,100 ரூபாய். நாணல் வேரோடு போய்விட்டது. கரை மொட்டையாக, பார்க்க அழகாக இருந்தது. அந்த அழகுக்கு என்ன விலை கொடுத்தேன் என்பது ஆகஸ்டில் தெரிந்தது.

நட்டவை வேம்பு 50, புங்கன் 60, நீர்மருது 60, நாவல் 40. எல்லாம் பாலித்தீன் பை நாற்று, ஒன்றரை அடி உயரம், சராசரி விலை 15 ரூபாய். வேம்பை ஏன் ஆற்றோரத்தில் நட்டாய் என்று கேட்டால், பண்ணையில் மலிவாகக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. குழி ஒன்றரை அடி, தொழு எரு ஒரு சட்டி, கோடை முழுக்க வாரம் இரண்டு தண்ணீர். ஜூலை வரை எல்லாம் நன்றாகவே வந்தன.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். எங்கள் ஓரத்தில் தண்ணீர் 11 நாள் நின்றது. கீழ் வரிசை நாற்றுகளின் தலைக்கு மேலே நாலு அடி, மேல் வரிசைக்கு மேலே ஒன்றரை அடி. நிறம் நல்ல டீயின் நிறம், கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது.

வடிந்த நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். ஒரு கன்றிலும் பச்சை இல்லை. புங்கனில் மட்டும் அங்கங்கே சேறு பூசிய இலை ஒன்றிரண்டு தொங்கின, மருதும் நாவலும் வெறும் குச்சி. ஜேசிபி ஓட்டிய இடத்தில் கரை நாலு அடி உள்ளே வந்திருந்தது. மனசு விட்டுப்போய், ஆள் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பிடுங்க ஆரம்பித்தேன். மத்தியானம் வரை 130 கன்று பிடுங்கி வரப்பில் போட்டாயிற்று.

அப்போதுதான் ஆற்றில் வலை போட்டுவிட்டு அந்தப் பக்கமாக வந்த பெரியவர், நான் பெரியப்பா என்று கூப்பிடும் வழக்கம், நின்று ஒரு குச்சியை எடுத்து நகத்தால் கீறினார். தோலுக்குக் கீழே பச்சை. "ஏன் தம்பி இதப் புடுங்குற? இது சாகல, மூச்ச அடக்கிக்கிட்டு கெடக்கு. அஞ்சு வாரம் விட்டுப் பாரு" என்றார்.

மிச்சம் இருந்த 80 கன்றை அப்படியே விட்டேன். ஐந்தாவது வாரம் எண்ணியபோது புங்கன் 24இல் 21 துளிர்த்திருந்தது, மருது 20இல் 14, நாவல் 16இல் 9, வேம்பு 20இல் ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கைப் பிடுங்கிப் போட்டவற்றுக்கும் போட்டுப் பார்த்தால், வேம்பைக் கழித்துவிட்டு, 70 கன்றுக்கு மேல் உயிரோடு இருந்தவற்றைத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன். அது இன்றைக்கும் வலிக்கிறது.

அன்றிலிருந்து என் வேலை மரம் நடுவது என்பதிலிருந்து, தண்ணீருக்குள் இந்தச் செடிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதாக மாறிவிட்டது.

2023இல் ஆற்றில் தண்ணீரே சரியாக வரவில்லை. வெள்ளம் வந்தால்தானே சோதிக்க முடியும்? சரி, நாமே வெள்ளம் செய்வோம் என்று மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் 12 அடிக்கு 6 அடி, 4 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினேன். ஆள் கூலி இரண்டு நாளைக்கு 1,400, அடியில் விரிக்க மீன் குட்டைக்குப் போடும் தார்ப்பாய் 2,600, அடி குறித்த பிவிசி குழாய் ஒன்று, மீன் தொட்டிக்கு விற்கும் வெப்பமானி 120 ரூபாய். நாற்றுகளைப் பையோடு செங்கல்லில் கட்டி உள்ளே இறக்கினேன், இல்லாவிட்டால் பை மிதக்கிறது. இது எனக்கு முதல் நாள் தெரியாமல், மறுநாள் காலை ஏழு நாற்று தலைகீழாக மிதந்துகொண்டிருந்தன.

முதல் சுற்று மார்ச் மாதம். இனத்துக்கு 5 நாற்று, முழுக்க மூழ்கும்படி, 10 நாள், போர்வெல் தண்ணீர். முடிவு என்னை நன்றாக ஏமாற்றியது. ஒரு மாதம் கழித்து எண்ணியபோது மருது, புங்கன், நாவல் எல்லாம் ஐந்துக்கு ஐந்து, வேம்பு கூட 2. ஆற்றில் ஒன்று மிஞ்சாத வேம்பு இங்கே எப்படித் தப்பித்தது?

சீர்காழிப் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்க்கும் மச்சினன் வந்திருந்தபோது காட்டினேன். பார்த்தவுடன் சொல்லிவிட்டான். குழித் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவு, நாலாம் நாளிலிருந்து லேசாகப் பாசி பிடித்துப் பச்சை. வெயில் அடி வரை இறங்குகிறது, பாசியும் செடியின் இலையும் தண்ணீருக்குள்ளேயே உணவு செய்து பகலெல்லாம் ஆக்சிஜன் விட்டுக்கொண்டிருக்கின்றன. அவனிடம் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் ஆக்சிஜன் கிட் இருந்தது. "விடியக்காலைல அளந்து பாருங்க மச்சான், மத்தியானம் அளந்தா எல்லாக் குட்டையும் நல்ல குட்டைதான்" என்றான். மத்தியானம் 2 மணிக்கு லிட்டருக்கு 9 மில்லிகிராம் வந்தது, மறுநாள் காலை 5.30க்கு அதே தண்ணீரில் 2. நான் செய்தது வெள்ளமே இல்லை, மீன் தொட்டி.

இரண்டாவது சுற்றுக்கு ஆற்று வண்டலை நாலு பாண்டு கொண்டுவந்து கரைத்து, தினமும் காலையும் மாலையும் மூங்கிலால் கலக்கிவிட்டேன். மேலே தென்னங்கீற்று பாதிக்குப் போட்டுத் தண்ணீர் சூடாகாமல் பார்த்துக்கொண்டேன். முதல் சுற்றின் கடைசி நாட்களில் மத்தியானம் 36 டிகிரி வரை போயிருந்தது, ஓடுகிற ஆறு அவ்வளவு சூடாகாது. அதே 10 நாள். இந்தத் தடவை வேம்பு ஐந்தும் போயிற்று. வெளியே எடுத்து மண்ணைத் தட்டியபோது வேர் கறுத்து, தோல் உருவிக்கொண்டு வந்தது, முட்டை அழுகின நாற்றம். நாவல் 3, மருது 4, புங்கன் 5. ஆற்றில் நடந்ததோடு வரிசை அப்படியே ஒத்துப்போனது. இனத்துக்கு ஐந்து நாற்றை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது என்று தெரியும், ஆனால் எதை எங்கே நடலாம் என்று முடிவு செய்ய எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சுற்றில் நீர்க்கடம்பு என்று ஒரு பண்ணையில் கேட்டு வாங்கிய நாற்றையும் போட்டிருந்தேன், ஐந்தில் மூன்று செத்தது. வேடந்தாங்கல் ஏரியில் மாதக்கணக்கில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பறவைக் கூடுகளைச் சுமக்கிற மரம் பத்து நாளில் எப்படிச் சாகும் என்று குழம்பினேன். பிறகுதான் இலையைச் சரியாகப் பார்த்தேன். கொடுத்தது வெண்கடம்பு, பெரிய இலை, எதிரெதிராக ஜோடி ஜோடியாக. நீர்க்கடம்பின் இலை கிளை நுனியில் கொத்தாக இருக்கும், அடியில் குறுகி நுனிப்பக்கம் அகலும், ஓரத்தை விரலால் தடவினால் நுண்ணிய பல் தட்டுப்படும். பூ சிவப்புச் சரமாகத் தொங்கும். "கடம்பு" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், நாற்றைக் கையில் வாங்கி இலை ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் சமுத்திரப்பழம் என்று சொல்வது இதன் காய்தான். கடைசியில் ஏரிக்கரை மரம் ஒன்றின் அடியில் ஜூலையில் விழுந்து கிடந்த நாலு பட்டைக் காய்களைப் பொறுக்கி வந்து நானே பையில் போட்டேன். 90 போட்டதில் 61 முளைத்தது. காய்ந்து பழசானதைப் போட்ட 20இல் ஒன்றும் வரவில்லை, விழுந்த கையோடு போடுவது முக்கியம்.

மூன்றாவது சுற்று முழுக்க மூழ்கடிக்காமல் தண்டு பாதி வெளியே தெரியும்படி 20 நாள் வைத்தேன். இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் கற்றது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதல் மூன்று நாளில் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வாடின. தண்ணீரில் நிற்கிற செடி வாடுவதைப் பார்க்க வினோதமாக இருந்தது. வேருக்குக் காற்று இல்லாவிட்டால் அது தண்ணீரை உறிஞ்சாது, அவ்வளவுதான். வாயு தண்ணீருக்குள் நகர்வது காற்றில் நகர்வதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவு, மண்ணில் இருக்கிற கொஞ்சக் காற்றை வேரும் நுண்ணுயிரும் சேர்ந்து ஓரிரு நாளில் தீர்த்துவிடும். அதன்பிறகு செடி என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஏழாம் நாள் புங்கன் தண்டில், நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, அரிசிப் பொரி ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் கிளம்பின. நகத்தால் தொட்டால் பஞ்சு போல அமுங்கியது. பட்டையில் இருக்கிற மூச்சுத் துளைகள் பருத்து வெடித்து நிற்கின்றன, காற்று உள்ளே போய் வர அவை உதவுகின்றன. பூஞ்சை என்று நினைத்து நான் ஒரு நாற்றில் துணியால் தேய்த்துவிட்டேன், இரண்டு நாளில் மறுபடி வந்தது. தேய்க்காதீர்கள், அந்தப் புள்ளி வந்த நாற்று ஒன்றுகூட சாகவில்லை.

வாய்க்காலில் வெட்டி வந்து ஒரு மூலையில் செருகியிருந்த நெய்வேலி காட்டாமணக்கு ஐந்தாம் நாளே ஒவ்வொரு கணுவிலும் இளஞ்சிவப்பு வேர் விட்டது. நீர்மட்டத்தை ஒட்டிய கணுவில் அடர்த்தியாக, தாடி மாதிரி. அடியில் இருக்கிற பழைய வேர் மூச்சு முட்டிக் கிடக்க, காற்று கிடைக்கிற உயரத்தில் புது வேர். இந்தச் செடியை ஏன் ஒழிக்க முடியவில்லை என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டாம். ஆனால் நொச்சிக் குச்சியும் அதையேதான் செய்தது, ஒன்பதாம் நாள், கொஞ்சம் கஞ்சத்தனமாக.

தக்கைப்பூண்டை நாம் பசுந்தாள் உரத்துக்காக விதைத்து மடக்கி உழுகிறோம், எத்தனை பேர் அதன் பெயரை யோசித்திருப்போம்? தண்ணீரில் நின்ற தக்கைப்பூண்டின் அடித்தண்டைச் சவரக்கத்தியால் குறுக்கே வெட்டினால், நடுவில் பச்சைக் குச்சி, சுற்றிலும் வெள்ளைத் தக்கை, கிட்டத்தட்ட கால் அங்குலக் கனம். வறண்ட வயலில் நின்ற செடியில் அந்தத் தக்கை இல்லவே இல்லை. தண்ணீர் வந்தபிறகு செய்துகொள்கிற காற்றுக் குழாய் அது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கிற நெட்டியும் குளத்துச் செடிதான், வெள்ளையாக, எடையே இல்லாமல், உள்ளே முழுக்கக் காற்று. அந்தப் பெயர்களை வைத்தவர்கள் செடியை வெட்டிப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சம்பங்கோரை வேர் இன்னொரு ஆச்சரியம். கன்னங்கரேல் என்ற சேற்றிலிருந்து இழுத்துக் கழுவினால் வேரைச் சுற்றி துருப்பிடித்தது போல செம்பழுப்புப் பூச்சு. இலை வழியாக இறங்கி வந்த காற்று வேரிலிருந்து கசிந்து, பக்கத்தில் இருக்கிற மண்ணின் இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. நாற்றம் இல்லை, வேர் உறுதி. வேம்பின் கறுத்த வேரையும் இதையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த பிறகு, எந்தச் செடியை நடலாம் என்று புத்தகம் பார்க்க வேண்டியதில்லை, கரையில் இருக்கிற செடியைப் பிடுங்கி வேர் நிறத்தைப் பார்த்தாலே போதும் என்று தோன்றியது.

நீர்மருது இதில் எதையும் செய்யவில்லை. இலையை அடியிலிருந்து ஒவ்வொன்றாக மஞ்சளாக்கிக் கொட்டிவிட்டு சும்மா நின்றது. 2022இல் நான் செத்ததாக நினைத்துப் பிடுங்கியது இதைத்தான். நெல்லிலும் இந்த இரண்டு வழியும் உண்டு. சில ரகம் தண்ணீரோடு போட்டி போட்டு நீளும், சில ரகம் வளர்ச்சியை நிறுத்திச் சக்தியைச் சேமித்துக் காத்திருக்கும். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய ரகத்தில் இருந்த காத்திருக்கும் குணத்தைத்தான் ஸ்வர்ணா, சிஆர் 1009 ரகங்களில் சேர்த்து சப்-1 என்று கொடுக்கிறார்கள், இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்து எழுந்திருக்கும். மருது அந்த ஜாதி.

காத்திருக்கிற செடிக்கு ஆபத்து தண்ணீர் வடிந்த பிறகுதான் அதிகம் என்பது டிசம்பரில் செய்த கடைசிச் சுற்றில் தெரிந்தது. மருது நாற்று 10ஐ 12 நாள் சேற்று நீரில் மூழ்கடித்து எடுத்து, ஐந்தை நேரே வெயிலில் வைத்தேன், ஐந்தைக் கழுவிக் கீற்று நிழலில் ஒரு வாரம் வைத்து அப்புறம் வெயிலுக்கு மாற்றினேன். நிழலில் இருந்தவை ஐந்தும் துளிர்த்தன, வெயிலில் இருந்ததில் மூன்று. இத்தனை நாள் காற்றில்லாமல் கிடந்த திசுவுக்குத் திடீரென்று காற்றும் வெயிலும் சேர்ந்து கிடைப்பதே ஒரு அடி, அதோடு வேரும் பாதி செத்திருக்கிறது. 2022இல் மிச்சம் இருந்த கன்றுகளுக்கு வடிந்த மறுவாரமே கன்றுக்கு 50 கிராம் யூரியா வேறு போட்டேன். துளிர் நுனி கருகியது. பட்டினி கிடந்தவனுக்கு விருந்து போடுகிற மாதிரிதான் அது. அதே சுற்றில் நான் முளைக்க வைத்த நீர்க்கடம்பு ஐந்தையும் போட்டிருந்தேன். ஐந்து மாதக் கன்று, ஒரு அடிதான் இருக்கும். இரண்டில் இலைகூட உதிரவில்லை.

2024 பிப்ரவரியில் இரண்டாவது தடவை நட்டேன். இந்தத் தடவை ஆற்று விளிம்பில் இரண்டு மீட்டர் அகலத்துக்குத் திரும்ப முளைத்திருந்த நாணலைத் தொடவே இல்லை. அது இல்லாத 25 மீட்டர் இடைவெளியில் மட்டும் வெட்டிவேர், அரை அடிக்கு ஒன்றாக இரண்டு வரிசை, மாற்றி மாற்றி. சுமார் 330 தூர், ஒன்று 2 ரூபாய். அதன் பின்னால் நீர்க்கடம்பு 40ம் நொச்சிக் குச்சி 60ம், நடு வரிசையில் புங்கன் 30, மருது 30, மேல் வரிசையில் நாவல் 20. புங்கனும் மருதும் பெரிய பையில் ஒன்றரை வருடம் வளர்த்த 4 அடிக் கன்றுகள், ஒன்று 60 ரூபாய் ஆனது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரே ஒரு கிளை நுனி தண்ணீருக்கு மேலே நின்றால்கூட அது மொத்தச் செடிக்கும் மூக்கு என்பதைக் குழியில் பார்த்துவிட்டேன். வேம்பு இரண்டு மட்டும், மோட்டார் கொட்டகை மேட்டில்.

கரை எவ்வளவு போகிறது என்று அளக்க, உள்ளே 10 மீட்டர் தள்ளி ஐந்து கருங்கல்லை நட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் விளிம்பு வரை டேப் பிடித்து எழுதி வைத்தேன். இதை 2022இலேயே செய்திருக்க வேண்டும்.

ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது, அடுத்த நாட்களில் கொள்ளிடத்தில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. திருச்சியில் ஆற்றுக்குள் நின்ற உயர் மின் கோபுரம் சாய்ந்த அதே வெள்ளம். எங்கள் குழாய் அளவுகோலில் கீழ் வரிசையில் 5 அடி வரை ஏறி, மொத்தம் 8 நாள் நின்றது. நீர்க்கடம்பு முழுக்க உள்ளே. புங்கன், மருது நுனி மட்டும் ஒரு சாண், அரைச்சாண் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. தினமும் கரை மேலே நின்று அந்த நுனிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

நான் யோசிக்காத ஒன்று நடந்தது. ஆகாயத்தாமரை. வெள்ளத்தோடு பாய் பாயாக வந்து, கன்றுக்கு ஊன்றிய மூங்கில் முளையில் மாட்டிக்கொண்டது. காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் பிளாஸ்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன், வளைந்து கொடுக்க முடியாமல் எட்டு மருது கட்டிய இடத்தில் பட்டை அறுந்து ஒடிந்தன. முளை ஊன்றாமல் விட்ட புங்கன் தரையோடு படுத்துக் கிடந்து, தண்ணீர் இறங்கியதும் ஒரு மாதத்தில் நிமிர்ந்துவிட்டது.

வடிந்ததும் நான் செய்தது மூன்றே வேலை. இரண்டாம் நாள் டீசல் இன்ஜினை வைத்து நல்ல தண்ணீரால் இலை, தண்டு எல்லாம் மெதுவாகக் கழுவினேன், வண்டல் காய்ந்து ஓடாகிவிட்டால் உரிக்க முடியாது. அடுத்து, தண்டைச் சுற்றி ஒரு அடிக்குப் படிந்திருந்த எக்கலை, அதாவது ஆறு விட்டுப்போன வண்டலை, கையால் விலக்கினேன், மண்வெட்டி போட்டால் புது வேர் அறுந்துவிடும். அப்புறம் நடு வரிசைக்குக் கீற்று மறைப்பு, பத்து நாள். உரம் எதுவும் இல்லை. இலை இல்லாத குச்சிகளை ஆறு வாரம் தொடவே இல்லை. ஆறாவது வாரம் நகத்தால் கீறி, மூன்று இடத்தில் கீறியும் பழுப்பாக இருந்ததை மட்டும் பிடுங்கினேன்.

நேற்றைய கணக்கு: நீர்க்கடம்பு 40இல் 38, புங்கன் 30இல் 27, மருது 30இல் 22, நாவல் 20இல் 11, நொச்சி 60இல் 34. மருதில் செத்த எட்டும் கயிறு அறுத்தவை, தண்ணீரால் போனது ஒன்றும் இல்லை. நாவல்தான் எனக்கு ஏமாற்றம். மேல் வரிசையில் ஒன்றரை அடித் தண்ணீர்தான், ஆனால் அங்கே ஒரு பள்ளத்தில் ஆறு வடிந்த பிறகும் தண்ணீர் இரண்டு வாரம் தேங்கியது. ஓடுகிற எட்டு நாளைவிட அந்தத் தேங்கல் மோசம். அளவுக்கல் ஐந்தில் நாணலுக்கு நேரே இருந்த மூன்றிலும் விளிம்பு துளிகூடப் பின்வாங்கவில்லை, ஒன்றில் வண்டல் படிந்து முக்கால் அடி கூடியிருக்கிறது. வெட்டிவேர் இடைவெளியில் இருந்த இரண்டில் அரை அடியும் ஒன்றே கால் அடியும் போயிற்று. ஆறு மாத வெட்டிவேர் இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை, முப்பதுக்கும் மேற்பட்ட தூர் முக்கால் அடி எக்கலுக்கு அடியில் புதைந்து வெளியே வரவில்லை.

மொத்தச் செலவு 2022இல் கூலியோடு சேர்த்து சுமார் 14,000. குழி, சோதனை எல்லாம் 6,000. 2024இல் 11,500. ஜேசிபிக்குக் கொடுத்த 3,300க்கு நாணலைத் திரும்ப நட வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் மனசுக்கு ஒப்பாத செலவு.

அடுத்த நடவில் மாற்றுவது இவை. அந்த 25 மீட்டரில் வெட்டிவேருக்கு முன்னால் நாணல் கட்டை, ஒரு முழ நீளத்தில் வெட்டி, ஜனவரியிலேயே ஈர மண்ணில் படுக்க வைத்துப் புதைக்கப் போகிறேன். மூங்கில் முளை கிடையாது, கட்டாயம் வேண்டுமென்றால் ஆற்றின் போக்குக்குக் கீழ்ப்பக்கம் ஒரே முளை, தேங்காய் நார்க் கயிறு, விரல் நுழைகிற தளர்ச்சி. மேல் வரிசைப் பள்ளத்திலிருந்து ஆற்றுக்கு ஒரு வடிகால் கீற வேண்டும், பத்தடி நீளம்தான், அரை நாள் வேலை. நாவலுக்குப் பதில் அங்கேயும் புங்கன். வங்கதேசத்தில் சில்ஹெட் பக்கம் ராதர்குல் என்று ஒரு சதுப்புக் காடு இருக்கிறது, மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் நிற்கிற காடு, அங்கேயும் நிற்பவை நம் புங்கனும் நீர்க்கடம்பும்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட தைரியம் கொஞ்சமில்லை.

நேற்று எண்ணிக்கொண்டு வரும்போது நடு வரிசையில் ஒரு புங்கன் தண்டில் மூன்று அடி உயரத்தில் வண்டல் கோடு அப்படியே காய்ந்து கிடந்தது. கோட்டுக்குக் கீழே அந்த வெள்ளைப் புள்ளிகள் இப்போது பழுப்புத் தழும்பாகியிருக்கின்றன, கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறது. பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்கு மேல ரெண்டு முழம் வந்தாலும் தாங்கும் தம்பி" என்றார். ஏரிக்கரை மரத்தில் காய் விழ இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, 200 பை வாங்கி வைத்துவிட்டேன்.